பவுல் அணி, அப்பொல்லோ அணி: திருச்சபைத் தலைமை பற்றிய நெடுங்கால விவாதம்

கி.பி. 50களின் நடுவில் எபேசு நகரில் தங்கியிருந்த பவுலுக்குக் குலோவேயாளின் வீட்டார் மூலம் ஒரு செய்தி வந்தது. அவர் நட்டு வளர்த்த கொரிந்து சபை, ஆளின் பெயர் சொல்லிப் பிரிந்து நிற்கிறது. சிலர் பவுல் பக்கம், சிலர் அப்பொல்லோ பக்கம், சிலர் கேபா (பேதுரு) பக்கம். கிறிஸ்துவின் பெயரையே தங்கள் அணியின் பெயராக்கிக்கொண்டவர்களும் இருந்ததாகத் தெரிகிறது. இதற்குப் பதிலாகப் பவுல் எழுதிய கடிதம்தான் இன்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபமாக வாசிக்கப்படுகிறது.

அன்று எழுந்த கேள்வி இன்னும் முடியவில்லை. ஒரு சபையைப் பிரியாமல் பிடித்து வைப்பது எது? நல்ல தலைவரா, தலைவர் மாறினாலும் மாறாத பதவியா, பலர் கூடி முடிவெடுக்கும் மன்றமா, அல்லது பதவியே இல்லாத சமத்துவமா? நான்கு விடைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. ஆளைச் சுற்றி அணி சேருவதைத் தலைவரின் கவர்ச்சியால் அல்லது மக்களின் அறியாமையால் வந்த நோய் என்று மட்டும் சொல்லிவிட முடிவதில்லை. முறைப்படி கேட்கப்படாத ஒரு குறை, தனக்காகப் பேச ஓர் ஆளைத் தேடிக்கொள்வதாகவும் அது பல இடங்களில் தெரிகிறது. இந்தக் கோணத்திலிருந்தே பின்வரும் விடைகள் இங்கே மதிப்பிடப்படுகின்றன.

கொரிந்துவில் என்னதான் நடந்தது?

கொரிந்து அணிகளின் இயல்பு பற்றி ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. 1831இல் ஃபெர்டினாண்ட் கிறிஸ்டியன் பௌர், இதைப் பேதுரு சார்ந்த யூதக் கிறிஸ்தவத்துக்கும் பவுல் சார்ந்த புறஇனக் கிறிஸ்தவத்துக்கும் இடையிலான கொள்கை மோதலாகக் கண்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து யோஹானஸ் முங்க், அங்கே கட்சிகள் என்று சொல்லத்தக்கவை இருக்கவே இல்லை, இருந்தது சச்சரவு மட்டுமே என்று மறுத்தார். 1970களில் கெர்ட் தைஸன் கவனத்தைப் பந்தியின் பக்கம் திருப்பினார். வசதியுள்ளவர்கள் முன்னதாகவே உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நிற்கும் திருவிருந்து அந்தக் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, பெயர்ச் சண்டைக்கு அடியில் பணமும் அந்தஸ்தும் இருந்தன என்பது அவர் வாசிப்பு. மார்கரெட் மிட்செல் 1991இல், கிரேக்க நகரங்களில் உட்பூசலைத் தணிக்கப் பேச்சாளர்கள் கையாண்ட அதே அரசியல் சொற்களைப் பவுலும் எடுத்தாள்கிறார் என்று விரிவாகக் காட்டினார்.

இவற்றில் தைஸனின் வாசிப்பு தனியாக நின்றால் போதாது. அணிகளையும் வர்க்கங்களையும் ஒன்றோடொன்று பொருத்த நேரடிச் சான்று குறைவு. ஆனால் பெயர்களுக்குப் பின்னால் வேறொன்று இருந்திருக்கலாம் என்ற அவருடைய எச்சரிக்கையைப் பிற்கால வரலாறு பலமுறை உறுதிப்படுத்துகிறது.

பவுல் தந்த விடையிலும் ஓர் இழுபறி உண்டு. தாம் ஞானஸ்நானம் கொடுத்தது கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் ஸ்தேவானின் வீட்டாருக்கும் மட்டுமே என்று எண்ணிச் சொல்லி, தம் பெயரில் அணி அமைய இடமில்லாமல் செய்கிறார். தம்மையும் அப்பொல்லோவையும் ஒரே வயலின் வேலைக்காரர்களாகக் காட்டுகிறார். அதே கடிதத்தில், சபையின் ஒரே தகப்பன் தாமே என்றும், தம்மைப் பின்பற்றும்படியும் கேட்கிறார். ஸ்தேவானின் வீட்டாருக்குக் கீழ்ப்படியவும் சொல்கிறார். ஆளை விலக்கிவிட்டுத் தலைமையைப் பேச அவராலும் முடியவில்லை. கடிதத்தின் கடைசியில் வரும் ஒரு சிறு குறிப்பு, வாதங்களைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. அப்பொல்லோவைக் கொரிந்துவுக்குப் போகும்படி பவுல் வற்புறுத்தியிருக்கிறார். அவரோ இப்போது போக மனமில்லை என்றிருக்கிறார். காரணம் சொல்லப்படவில்லை. தன் பெயரில் கூட்டம் கூடியிருக்கும் ஊருக்குப் போகாமல் இருந்ததே அவர் ஒற்றுமைக்குச் செய்த உதவியாக இருக்கலாம். எதிரணியின் தலைவர் என்று சொல்லப்பட்டவரைத் தம் சபைக்கே அனுப்ப முனைந்த பவுலின் செயலும் அதற்குக் குறைந்ததல்ல.

ஆசனத்தை நம்பிய விடை

ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கொரிந்துவில் மூப்பர்கள் சிலர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்கள். ரோமச் சபை அதைக் கண்டித்து எழுதியது. கிளெமெந்துவின் முதல் கடிதம் என்று வழங்கும் அந்த மடலில் எழுதியவரின் பெயரே இல்லை. ஒரு சபை இன்னொரு சபையோடு பேசுகிறது. அப்போஸ்தலர் ஏற்படுத்திய வரிசையில் வந்து, பழுதில்லாமல் பணியாற்றியவர்களை நீக்கக்கூடாது என்பது அதன் வாதம். கலகத்துக்குத் தான் காரணமென்றால் தானே ஊரைவிட்டு விலகிப் போகிறேன் என்று சொல்லும் பெருந்தன்மையையும் அது எதிர்பார்க்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா இக்னாத்தியு இன்னும் ஒரு படி போய், ஒரே ஆயர், அவரைச் சுற்றி மூப்பர் குழு, உதவிக்காரர் என்ற அமைப்பில் ஒற்றுமையைக் கட்டினார்.

இந்த விடைக்கு முழு வடிவம் கொடுத்தவர் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். 250இல் தேசியு பேரரசரின் துன்புறுத்தலில் பலர் விசுவாசத்தை மறுதலித்தார்கள். சிறையும் சித்திரவதையும் தாங்கிய விசுவாச வீரர்கள், விழுந்தவர்களுக்குச் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். உடம்பில் தழும்போடு நிற்பவரின் சொல்லுக்கு முன்னால், மறைவிடத்தில் இருந்த ஆயரின் சொல் எடுபடுமா? சிப்ரியானின் நெருக்கடி இதுதான். 251இல் அவர் எழுதிய திருச்சபை ஒற்றுமை பற்றிய நூல், தனிப்பட்ட வீரத்துக்கு மேலாக ஆயர் பதவியை வைத்தது. ஆனால் குருக்களின் ஆலோசனையும் மக்களின் சம்மதமும் இன்றித் தாம் எதையும் செய்வதில்லை என்றும் அவரே உறுதி கூறியிருந்தார். 256இல் 87 ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் மன்றத்தில், எவரும் ஆயர்களுக்கு மேல் ஆயராகத் தம்மை நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று ரோம ஆயர் ஸ்தேவானை மனத்தில் வைத்துப் பேசினார்.

பதவியை நம்பும் விடையின் பலம் தொடர்ச்சி. ஆள் இறந்தாலும் ஆசனம் நிற்கும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது: ஆசனத்தில் இருப்பவர் யார் என்பதே சண்டையானால், அது இரண்டு ஆசனங்களாகிவிடும். வட ஆப்பிரிக்காவில் அதுதான் நடந்தது.

கார்த்தேஜ், 411

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசிலியான் கார்த்தேஜ் ஆயரானபோது, அவருக்குப் பட்டம் கொடுத்தவர்களில் ஒருவர் துன்புறுத்தல் காலத்தில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்த்தவர்கள் மயோரினுவையும் அவருக்குப் பின் தொனாத்துவையும் ஆயராக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு ஊருக்கு ஊர் இரண்டு ஆயர்கள், இரண்டு பீடங்கள்.

சிசிலியான் பக்கமான கத்தோலிக்கத் தரப்பின் ஆயர் அகுஸ்தீனின் இறையியல் விடை, ஆள் சார்ந்த பற்றுக்கு எதிராக இதுவரை சொல்லப்பட்டவற்றில் மிக ஆழமானது என்று கருத இடமுண்டு. ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே. ஊழியரின் தகுதியோ தகுதிக்குறைவோ அதன் பலனைத் தீர்மானிப்பதில்லை. நல்லவரிடம் பெற்றேன் என்ற பெருமைக்கும், கெட்டவரிடம் பெற்றுவிட்டேனோ என்ற கவலைக்கும் இதில் இடமில்லை.

411 ஜூனில் பேரரசின் ஆணைப்படி இரு தரப்பு ஆயர்களும் கார்த்தேஜில் ஒரு குளியல் மண்டபத்தில் கூடினார்கள். கத்தோலிக்கத் தரப்பில் 286 பேர். தொனாத்தியர் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே. அரசு அதிகாரி மார்செலினு நடுவர். தொனாத்திய ஆயர்கள் எதிர்த்தரப்போடு உட்கார மறுத்து நின்றுகொண்டே வாதாடினார்கள். கூட்டத்துக்கு முன்பே கத்தோலிக்க ஆயர்கள் எழுத்தில் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்கள்: தோற்றால் பதவியை விட்டு இறங்குகிறோம், வென்றால் உங்கள் ஆயர்களோடு பதவியைப் பகிர்ந்துகொள்கிறோம், ஓர் ஊரில் இரண்டு ஆயர்களைச் சபை தாங்காது என்றால் இருவருமே விலகிப் புதியவருக்கு இடம் விடலாம். இது ஆயர்கள் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டபோது, கிட்டத்தட்ட 300 பேரில் இருவருக்கு மட்டுமே பிடிக்கவில்லை என்று அகுஸ்தீன் பின்னால் நினைவுகூர்ந்தார். ஒருவர் வயோதிகர், வாய்விட்டே மறுத்தார். இன்னொருவரின் முகமே காட்டிக்கொடுத்தது. மற்றவர்கள் எடுத்துச் சொன்னபின் இருவரும் இசைந்தார்கள். ஆயர்கள் கிறிஸ்துவின் மக்களுக்காகவே ஆயர்களாக இருக்கிறார்கள், ஒற்றுமைக்கு இடையூறானால் அந்தப் பதவியை இறக்கி வைக்கலாம் என்பதே அந்த வாக்குறுதியின் அடிப்படை. திருச்சபை வரலாற்றில் இவ்வளவு பேர் சேர்ந்து தங்கள் பதவியைப் பணயம் வைத்த தருணம் அரிது.

ஆனால் அந்த வாக்குறுதிக்குப் பின்னால் அரசின் வாள் இருந்தது. மார்செலினு கத்தோலிக்கருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார். 412இல் தொனாத்தியருக்கு அபராதமும் சொத்துப் பறிமுதலும் விதித்து அரசாணை வந்தது. 418இல் செசரேயா ஆலயத்தில் அகுஸ்தீனுக்கு முன் வந்த தொனாத்திய ஆயர் எமெரித்து, வாதத்துக்கு அழைக்கப்பட்டும் பேசாமல் நின்றார். அப்படி ஊமையாக்கிப் பெற்ற ஒற்றுமையை ஒற்றுமை என்று ஏற்க மனம் தயங்குகிறது. தொனாத்தியத்தை உள்நாட்டு மக்களின் சமூக எதிர்ப்பாக டபிள்யூ. எச். சி. ஃப்ரெண்ட் 1952இல் விளக்கினார், ஏ. எச். எம். ஜோன்ஸ் அதை விரைவிலேயே கேள்விக்குள்ளாக்கினார். தியாகிகளின் நினைவும் உள்ளூர்த் தன்மதிப்பும் கலந்த ஒரு குறை அங்கே இருந்தது என்ற அளவுக்குச் சொல்வது பாதுகாப்பானது.

மன்றங்கள்

1378 முதல் இரண்டு, பின்பு மூன்று பேர் தங்களைத் திருத்தந்தை என்று சொல்லிக்கொண்டபோது, அதைத் தீர்த்தது ஓர் ஆள் அல்ல, கான்ஸ்டன்ஸ் மன்றம் (1414–1418). மன்றத்தின் அதிகாரம் திருத்தந்தையையும் கட்டுப்படுத்தும் என்று அது 1415இல் அறிவித்தது. ஆனால் 1460இல் இரண்டாம் பத்திநாதர், திருத்தந்தைக்கு மேலாக மன்றத்திடம் முறையிடுவதையே தடை செய்தார். 1870இன் முதல் வத்திக்கான் சங்கம் ஒரு பக்கம் சாய்த்த தராசை, ஆயர் குழாமின் பங்கை வலியுறுத்தி 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சற்று நிமிர்த்தியது. கீழைச் சபைகளின் மரபில் முதல்வர் மற்றவர்களின்றிச் செயல்படக்கூடாது, மற்றவர்களும் முதல்வரின்றிச் செயல்படக்கூடாது என்ற பழைய விதி உண்டு. அதன் அழகு, 2018இல் உக்ரைன் விவகாரத்தில் மாஸ்கோவும் கான்ஸ்டாண்டினோபிளும் பிரிவதைத் தடுக்கவில்லை. சீர்திருத்த மரபில் கால்வின் குருமார் குழுவை நம்பினார், தம் கல்லறைக்கு அடையாளம் வைக்க வேண்டாம் என்றார். லூத்தரும் 1522இல் தம் பெயரால் யாரும் தங்களை அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் பலிக்கவில்லை என்பது தெரிந்ததே.

பதவியே வேண்டாம் என்றவர்கள்

1892இல் சட்ட அறிஞர் ருடோல்ஃப் ஸோம், திருச்சபையின் இயல்புக்கும் சட்டத்துக்கும் ஒத்துவராது, தொடக்கச் சபையை நடத்தியது ஆவியின் வரங்களே என்று எழுதினார். மாக்ஸ் வேபர் அதிலிருந்து எடுத்த வசீகரத் தலைமை என்ற கருத்தை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவாக்கினார். அத்தகைய தலைமை காலப்போக்கில் பதவியாகவும் விதியாகவும் உறைந்துபோகும் என்றார்.

ஸோமுக்கு முன்பே இதை நடைமுறையில் சோதித்தவர்கள் பிரதரன் சபையார். 1820களின் இறுதியில் டப்ளினிலும் பின் பிளிமத்திலும் குருப்பட்டம் இல்லாமல், விசுவாசிகள் அப்பம் பிட்கக் கூடிய எளிய கூட்டங்கள் அவை. இருபது ஆண்டுகளுக்குள், 1848இல், ஜான் நெல்சன் டார்பியின் பக்கம் ஒன்றும், பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லரின் பக்கம் ஒன்றுமாக உடைந்தன. முறையான பதவி இல்லாத இடத்தில் ஆளுமையை எதிர்த்து முறையிடவும் இடமில்லை. இந்த விடையின் ஆகப் பெரிய பலவீனம் இது. இன்று எந்த மன்றத்துக்கும் கட்டுப்படாமல் ஒரு பாஸ்டரையும் அவர் குடும்பத்தையும் மையமாக வைத்து வளரும் சுயாதீன சபைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பாளையங்கோட்டை, 1835

பிரதரன் முன்னோடிகளில் ஒருவரான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1830களில் தமிழகம் வந்து ஆதரித்த ஒரு வழக்கு, நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஜெர்மானியரான இரேனியஸ் 1820 முதல் சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் பாளையங்கோட்டையில் பணியாற்றி, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபைகளை எழுப்பினார். தமிழ் இலக்கணம் எழுதினார், வேதத்தை மொழிபெயர்த்தார். உபதேசியார்களுக்கு லுத்தரன் முறையில் தாங்களே குருப்பட்டம் கொடுக்கலாம் என்பது அவர் நிலை. ஆங்கிலிக்கன் பேராயர் மட்டுமே கொடுக்கலாம் என்பது சங்கத்தின் நிலை. இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பைக் கண்டித்து அவர் அச்சிட்ட மதிப்புரையும் சேர, 1835இல் சங்கம் அவரை நீக்கியது. ஊரைவிட்டுப் போனவரை உபதேசியார்கள் வற்புறுத்தித் திரும்ப அழைத்தார்கள். சபைகள் இரண்டாகின. 1838இல் அவர் இறந்தபின், பிரிந்தவர்களில் பெரும்பாலோர் சங்கத்தோடு மீண்டும் சேர்ந்தார்கள்.

சங்கத்தின் பார்வையில் இது ஓர் ஆளைச் சுற்றிய பிளவு. அவர் மறைந்ததும் அது அடங்கியது அந்த வாசிப்புக்குச் சாதகம். மறுபக்கம், அந்த உபதேசியார்கள் கேட்டது தங்கள் மக்களுக்குத் தாங்களே திருவிருந்து பரிமாறும் உரிமை. அதைத் தரும் அதிகாரம் வெகு தொலைவில் இருந்தது. அவர்கள் குரலாக இரேனியஸ் ஐயர் இருந்தார். 1857இல் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கியதையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். சட்டாம்பிள்ளையின் சமூகத்தைப் பற்றி மிஷனெரி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் ஏற்படுத்திய காயம் அதற்குள் இருந்தது. ‘ஆளைப் பார்க்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு அதிகாரத்தில் இருப்பவருக்கு எப்போதும் வசதியானது. அதைச் சொல்பவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பேர்லின், 1933

எதிர்த்திசை எச்சரிக்கையும் தேவை. 1933 பிப்ரவரி 1ஆம் நாள், ஹிட்லர் பிரதமராகி இரண்டு நாளில், டீட்ரிக் போன்ஹோஃபர் வானொலியில் தலைமை பற்றிப் பேசினார். பதவிக்குக் கட்டுப்பட்ட தலைமையையும் ஆளிலிருந்தே அதிகாரம் பெறும் தலைமையையும் வேறுபடுத்தி, தன்னை வழிபட இடம் கொடுப்பவர் மக்களைக் கெடுப்பவராக மாறுவார் என்பது அவர் வாதம். பேச்சு முடியுமுன் ஒலிபரப்பு நின்றுபோனது. அதே ஆண்டில் ஜெர்மன் சபைகளுக்கு லுட்விக் முல்லர் அரசின் ஆதரவோடு தலைமைப் பேராயரானார். ஆசனம் என்ற பழைய காப்பு, ஆளுமை வழிபாட்டுக்குப் படியாகவே மாறியது. 1934இல் பார்மென் அறிக்கையின் நான்காம் கூற்று, சபையின் பணிகள் ஒருவர்மேல் ஒருவர் ஆள்வதற்கல்ல, எல்லாருக்கும் ஒப்படைக்கப்பட்ட ஒரே ஊழியத்தைச் செய்வதற்கே என்று சொல்லி, ஆளும் அதிகாரமுள்ள தனித் தலைவர்களை மறுத்தது. இரண்டே ஆண்டுகளில், அரசின் சபைக் குழுக்களோடு ஒத்துழைப்பதா என்ற கேள்வியில் அந்த அறிக்கையை ஏற்று நின்ற இயக்கமும் பிளந்தது. தெளிவான அறிக்கை தைரியத்தைத் தந்தது. ஒற்றுமையை உறுதி செய்யவில்லை.

தென்னிந்தியப் பரிசோதனை

பதவி, மன்றம், சமத்துவம் ஆகிய மூன்று முறைகளையும் ஒன்றாகக் கட்டிப் பார்த்த முயற்சி தென்னிந்தியாவில் நடந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியக் குருமார் கூடிய கூட்டத்தில் வித்திடப்பட்டு, 28 ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பின் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்தன. 14 திருமண்டலங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. பேராயர் பதவி உண்டு, ஆனால் அது அமைப்புவிதிக்கு உட்பட்டது. திருமண்டலப் பேரவையும் சினாடும் பேராயர் தேர்வில் பங்கு கொள்கின்றன. பிரதமப் பேராயர் குறிப்பிட்ட காலத்துக்கே தேர்ந்தெடுக்கப்படுகிறார். பேராயரால் குருப்பட்டம் பெறாத குருமாரும் அப்படியே ஏற்கப்பட்டார்கள். 30 ஆண்டுகள் பொறுத்து முறை ஒன்றாகட்டும் என்று விட்டார்கள். மனச்சாட்சி இடம் தராத ஊழியத்தை எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்ற உறுதியும் தரப்பட்டது. பிரச்சினையைக் காலத்தின் கையில் விடும் இந்தப் பொறுமை, 412இன் அரசாணைக்கு நேர் எதிரானது.

இந்த இணைப்பின் முதன்மைச் சிற்பி, வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான வே. சா. அசரியா, 1945 ஜனவரி 1 அன்றே மறைந்துவிட்டார். அவர் இல்லாமலே வேலை நிறைவேறியது. ஓர் ஆளை நம்பி நின்றிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். நந்தியாலின் ஆங்கிலிக்கன் மக்கள் ஒரு பகுதி அப்போது சேராமல் நின்றதையும் மறக்கலாகாது.

1982இல் லீமாவில் உலகச் சபைகளின் ‘விசுவாசமும் ஒழுங்கும்’ ஆணையம் ஒப்புக்கொண்ட ஆவணம், ஊழியம் தனிநபர், குழு, சமூகம் ஆகிய மூன்று நிலைகளிலும் ஒருசேர நடக்க வேண்டும் என்றது. தென்னிந்தியா அதை முன்பே எழுத்தில் வைத்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. எழுத்தும் நடப்பும் வேறு. திருமண்டலத் தேர்தல்கள் அணிகளாக நடக்கின்றன. சொத்தும் கல்வி நிறுவனங்களின் நியமனங்களும் பந்தயப் பொருளாகின்றன. ஒரு பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வட்டாரமோ சாதியோ நிற்கிறது. சினாடு தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன.

தீராமல் இருப்பவை

ஒவ்வொரு விடையும் தனக்கு முந்தியதன் தோல்வியிலிருந்து பிறந்தது என்பதால், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ள வரலாறு இடம் தரவில்லை. பதவி தொடர்ச்சியைத் தருகிறது, மன்றம் பொறுப்புக் கேட்கிறது, சமத்துவம் ஒவ்வொரு விசுவாசியின் வரத்தையும் மதிக்கிறது. மூன்றும் ஒன்றாக எழுதப்பட்ட இடத்திலும் அணி அரசியல் நுழைகிறது என்றால், குறை அமைப்பின் வடிவத்தில் மட்டும் இல்லை. பதவியில் இருப்பவர் சொல்லத் தயங்கும் ஒரு குறையை, தனக்கென ஒரு தலைவர் இல்லாத எளிய சேகரம் ஒன்று எங்கே கொண்டுபோய் வைப்பது? சாதி, வட்டாரம், பாலினம் சார்ந்த குறைகளுக்குச் சபைக்குள் ஒரு வழி இல்லாதவரை, தேர்தல் முறையை மாற்றுவது எவ்வளவு உதவும் என்பது தெளிவாகவில்லை.

இதனோடு ஒட்டிய மற்றொன்று, வெளி நடுவரைப் பற்றியது. உள்வழக்கைப் புறத்தார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதற்காகப் பவுல் கொரிந்தியரைக் கடிந்தார்; மார்செலினுவின் நடுவர் தீர்ப்பு பலவந்தத்தில் முடிந்தது. ஆனாலும் உள்ளே நடுநிலையான இடம் இல்லாதபோது, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்கும் வாக்கெடுப்பு எளியவருக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பாக இருக்கலாம் என்ற வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது. அந்த மேற்பார்வை சபைக்குள் ஒரு நம்பகமான முறையீட்டு மன்றம் உருவாகும்வரை தாங்கும் ஏற்பாடா, அல்லது அப்படியொன்று உருவாவதையே தள்ளிப்போடும் பழக்கமா என்பதைத் தென்னிந்தியத் திருமண்டலங்களின் அடுத்த சில தேர்தல்களைக் கவனித்துத்தான் சொல்ல முடியும்.